திரேஸ்புரம் முதல் திருச்செந்தூர் வரை: ஒரு பி.டி. சாரின் பாதை

சின்னக் கல்லூரி ஒன்றில் கால்பந்து அணிக்கும் பேஸ்பால் அணிக்கும் ஒரே ஆள்தான் பயிற்சியாளர். வாலிபால், கபடி, கோ-கோ, தடகளம், சதுரங்கம் எல்லாமே அவர் தலையில்தான். சம்பளப் பட்டியலில் அவர் உடற்கல்வி இயக்குநர், மாணவர்களுக்குப் பி.டி. சார். அமெரிக்காவின் சின்ன ஊர்க் கல்லூரிகளில் இதே வேலையைப் பார்த்தவர்களுக்கு வெற்றி, தோல்வி, டிரா என்று ஆண்டுவாரியாகக் கணக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பி.டி. சாருக்கு அப்படியொரு கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் ஊரில்தான் தேட வேண்டும். தூத்துக்குடிக் கரையில் அதற்குத் தோதான வழி ஒன்று இருக்கிறது. வடக்கே திரேஸ்புரத்தில் தொடங்கி, கடற்கரைச் சாலையைப் பிடித்து, திருச்செந்தூர் வரை சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே போனால் போதும். பையன்கள் பந்து பழகும் மணல், அவர்கள் சேரும் கல்லூரி, சீசனுக்கு ஆடும் டோர்னமென்ட், கடைசியில் பி.டி. சார்களையே உருவாக்கும் கல்லூரி எல்லாம் அந்த ஒரே சாலையில் வருகின்றன.

திரேஸ்புரம் நகரத்தின் வடகோடி. பக்கிள் ஓடை கடலில் சேரும் இடம். விசைப்படகுகள் தெற்கே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்க, இங்கே வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் கரையை அடைத்து நிற்கின்றன. முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது; 1955 முதல் ஆண்டுதோறும் நடந்த சலாபங்களில், அதாவது முத்துக்குளிப்புகளில், அதுவே கடைசி. சங்குகுளி மட்டும் தொடர்கிறது. அதிகாலையில் வள்ளம் ஏறிப் போகிற சங்குகுளித் தொழிலாளர்கள் மதியத்துக்கு மேல் கரைக்கு வருகிறார்கள். சங்கை அளந்து எடுத்து, கணக்கு முடித்து, வெயில் தாழும் நேரத்தில் கரை காலியாகிறது. வலை உலர்த்தும் இடத்துக்கும் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கும் நடுவே கொஞ்சம் மணல் மிஞ்சும். பந்து உருள்வது அங்கேதான். இரண்டு பக்கமும் செருப்பை வைத்தால் கோல்.

பி.டி. சாருக்குக் கிடைக்கும் முதல் மூலதனம் இந்த மணல். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று உடலியங்கியல் ஆய்வு சொல்கிறது. கால் புதைந்து வழுக்கும்போது தசை செய்கிற வேலையில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. பத்து வயது முதல் இதில் ஆடிய பையன் பதினெட்டு வயதில் புல்தரைக்கு வரும்போது கெண்டைக்கால் இறுகியிருக்கும். கடைசிப் பத்து நிமிடத்திலும் ஓடுவான். கூடவே ஒரு குறையும் வரும். மணலில் பந்து தரையோடு நீண்ட தூரம் உருளாது. அதனால் அவன் பந்தைக் காலுக்கடியிலேயே வைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் தூக்கி அடிப்பான். முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் கூட்டாளிக்குத் தரையோடு அழுத்தி ஒரு பாஸ் கொடுக்கக் கல்லூரிக்கு வந்துதான் பழக வேண்டும். கரையிலிருந்து வரும் பையனிடம் முதல் ஆண்டு முழுக்க இந்த ஒன்றைத் திருத்தினாலே பயிற்சியாளர் தன் வேலையைச் செய்துவிட்டார் எனலாம்.

கடலின் நாள்காட்டியும் அணியைத் தொடுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் குடும்பங்களில் அந்த இரண்டு மாதம் ஆள் வீட்டில் இருப்பான். கோடைப் பயிற்சி முகாமுக்கும் டோர்னமென்டுக்கும் வருவான். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது. விசைப்படகு ஓடாத நாளில் மீனுக்கு விலையும் கூடுதல். ஆகவே திரேஸ்புரத்துப் பையன் மே மாத முகாமுக்கு வராமல் போனால் சோம்பல் என்று எழுதிவிட முடியாது. அப்பாவோடு வள்ளத்தில் இருப்பான். ஊரைத் தெரிந்த பி.டி. சார் இதை வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இரண்டு வருடம் பிடிக்கும்.

திரேஸ்புரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் பனிமய மாதா பேராலயமும், 1884-இல் தொடங்கப்பட்ட தூய சவேரியார் பள்ளியும் இருக்கும் பழைய நகரப் பகுதி. அதை ஒட்டியதுதான் தருவை மைதானம். மாவட்ட அளவில் எது நடந்தாலும் பெரும்பாலும் இங்கேதான். 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. 1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைந்த பிறகு மாவட்டத்துக்கென்று விளையாட்டு அலுவலர், முகாம், விடுதி என்று ஓர் அரசு ஏற்பாடும் வந்தது. ஆனால் போட்டி நாளன்று மைதானத்தில் சுண்ணாம்புத் தட்டோடு நிற்பவர் இன்றும் பள்ளி, கல்லூரிப் பி.டி. சார்தான்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கால்பந்து மைதானத்துக்குக் கோடு போடுவதில் முதல் சிக்கல் மூலை. மூலை நேராக வராவிட்டால் எதிர்க்கோடு ஓரிரு மீட்டர் விலகிப் போகும். அதற்குக் கயிறுதான் கருவி. மூலையில் ஓர் ஆணி. அதிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர். இரண்டு முனையையும் இணைக்கும் கயிறு சரியாக 5 மீட்டர் வந்தால் மூலை செங்கோணம். பெரிய மைதானத்துக்கு அதையே இரட்டித்து 6, 8, 10 என்று வைப்பார்கள். பிறகு 7.32 மீட்டர் கோல், அதன் இரு கம்பங்களிலிருந்தும் வெளிப்பக்கம் 16.5 மீட்டர் தள்ளிப் பெனால்டி எல்லை, கோல் நடுவிலிருந்து 11 மீட்டரில் பெனால்டிப் புள்ளி. கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேலே சுண்ணாம்புத் தூளைத் தகர டப்பாவால் தட்டிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். கடற்காற்று வாங்கும் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு முன் இதை முடிக்காவிட்டால் பாதித் தூள் சட்டையில். மாணவர் இரண்டு பேர் கயிறு பிடிப்பார்கள். அப்படிக் கயிறு பிடித்தவர்களில் சிலர்தான் பின்னாளில் இதே தொழிலுக்கு வருகிறார்கள் என்பது ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது. நல்ல ஆட்டக்காரன் பயிற்சியாளர் ஆவதைவிடக் கோடு போடப் பொறுமை உள்ளவன் ஆவது அதிகம்.

இந்தத் தொழில் தமிழ்நாட்டுக்கு வந்த வழி நீளமானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். டிரில் மாஸ்டர் என்ற பெயர் அப்படி நிலைத்தது. அணிவகுப்பு, கை கால் அசைவு, கட்டளைக்குக் கட்டுப்படுதல், அவ்வளவுதான் பாடம். அதை மாற்றியவர் ஹாரி குரோ பக். 1884-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிவர்பூல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்து, 1920-இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் தொடர்ச்சி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணியோடு போனவரும் அவர்தான். ஆட்ட விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட புத்தகம் மைதானத் தகராறுகளைத் தீர்க்கும் கைநூலாகப் பல பதிப்பு கண்டது. 1943-இல் சென்னையிலேயே காலமானார்.

பக் படித்த ஸ்பிரிங்பீல்டில்தான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அதே காலத்தில் அங்கே கால்பந்துக்கு, அதாவது கையில் பந்தை அள்ளிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்துக்கு, அணி திரட்டியவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்துவீச்சில் பெயர் எடுத்தவர். பாதிரியாராக வேண்டும் என்று படிக்கப் போய் மைதானத்துக்குத் திரும்பியவர். 1892 முதல் 1932 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார்; கால்பந்தோடு பல ஆண்டுகள் பேஸ்பால் அணியையும் அவரே பார்த்தார். எழுபது வயது ஆகிவிட்டது என்று அனுப்பியபோது சும்மா இருக்கவில்லை. 1933-இல் கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய் 14 சீசன் பார்த்தார். 1947-இல் பென்சில்வேனியாவில் சஸ்குவெஹன்னா என்னும் சிறிய பல்கலைக்கழகத்தில் மகனோடு சேர்ந்து மீண்டும் கால்பந்துப் பயிற்சி. 1965-இல் 102 வயதில் இறந்தார். அந்தச் சிறிய பல்கலைக்கழகம் இருக்கும் செலின்ஸ்குரோவ் ஊரும் பக் பிறந்த லிவர்பூலும் ஒரே சஸ்குவெஹன்னா ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பவை.

ஸ்டாக்கும் பக்கும் ஒரே பள்ளியின் பிள்ளைகள்; போன திசைதான் வேறு. ஸ்டாக்கின் வழியில் வந்த அமெரிக்கப் பயிற்சியாளருக்கு டிக்கெட் வசூல் உண்டு, பழைய மாணவர் சங்கத்தின் நெருக்கடி உண்டு. மூன்று ஆண்டு தொடர்ந்து தோற்றால் வேலை போய்விடும். பக்கின் வழியில் வந்தவர் ஆசிரியர். அவருக்கு வகுப்பு உண்டு, பணிமூப்பு உண்டு, ஓய்வூதியம் உண்டு. தோற்றதற்காக எந்தக் கல்லூரியும் பி.டி. சாரை வேலையைவிட்டு அனுப்பியதில்லை. இதில் ஒரு நன்மை: ஆட்டத்தில் தேறாத பையனையும் அவர் விரட்ட வேண்டியதில்லை. தீமையும் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றே என்றால், விசிலை மேசை டிராயரில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காருவதற்கும் தடை இல்லை. இரண்டு வகையினரும் எல்லா மாவட்டத்திலும் இருந்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி நகரில் பாளையங்கோட்டைச் சாலையில் வ.உ.சி. கல்லூரி 1951-இல் தொடங்கியது. திருச்செந்தூர் சாலையில் காமராஜ் கல்லூரி 1966-இல் வந்தது. இவற்றின் அணிகள் யாரோடு மோதின என்பது பல்கலைக்கழக எல்லையைப் பொறுத்தே இருந்தது. தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிரிந்த பிறகு அதன் எல்லை. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்ததும் அதற்குள். எல்லை ஒவ்வொரு முறை சுருங்கியபோதும் கரையோரப் பையனுக்கு வாய்ப்பு கூடியது. சென்னை, மதுரை அணிகளைத் தாண்டிப் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டிய நிலை போய், நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்குள்ளேயே தேர்வு நடந்தது. குமரிக் கரையில் தூத்தூர் போன்ற ஊர்களின் கால்பந்து வலு இதே வட்டத்துக்குள் வந்ததால் போட்டி லேசாகிவிடவில்லை. சொல்லப்போனால் தூத்துக்குடிக் கல்லூரிகளுக்குத் தலைவலி அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ஆண்டின் ஓட்டம் இப்படி. ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல் ஆண்டு மாணவரைப் பொறுக்க வேண்டும். ஜூலையிலிருந்து கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் தொடங்கும். அங்கே கண்ணில் பட்டவர்களை வைத்துப் பல்கலைக்கழக அணி. அது தென்மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. இதற்கிடையில் மாதத் தேர்வு, செமஸ்டர், ஆய்வகம். பி.டி. சாரின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது தகுதிப் படிவம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வயது 17-க்குக் குறையாமலும் 25-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறது. பத்தாம் வகுப்புச் சான்று, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று, சேர்க்கை எண், புகைப்படம், முதல்வர் கையெழுத்து. ஒரு தாளில் பிறந்த தேதி மாறியிருந்தால் எதிரணி மேலாளர் ஆட்டம் முடிந்த பிறகு புகார் எழுதுவார். ஜெயித்த ஆட்டம் போய்விடும். அதன் பிறகு பயணப்படி, சாப்பாட்டுப் படி, பஸ்ஸா ரயிலா என்ற கணக்கு. முன்பணம் வராமல் கைக்காசைப் போட்டுப் பையன்களை அழைத்துப் போய்விட்டு, பில்லுக்கு அலுவலக மேசை மேசையாக நடந்த கதை இல்லாத பி.டி. சார் அபூர்வம்.

பேஸ்பால் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் பேஸ்பாலும் சாப்ட்பாலும் இருக்கின்றன. சான்றிதழ் உண்டு, சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு. கால்பந்தில் முந்நூறு பேர் முட்டி மோதும் இடத்தில் பேஸ்பாலுக்கு வருபவர்கள் குறைவு. விவரமான பி.டி. சார் இதைக் கவனிப்பார். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பர் கைக்கு நேராக எறிபவன், ஈட்டி எறிபவன், கைப்பந்து ஆடுபவன் என்று ஒன்பது பேரைத் திரட்டுவார். அடிப்பதைக் கிரிக்கெட் சொல்லிக் கொடுத்திருக்கும். ஆனால் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது பழக்கத்துக்கு வர ஒரு மாதம் ஆகும்.

ஈட்டி எறிபவனை இழுப்பதில் தவறில்லை என்பதற்கு நாடறிந்த சாட்சி உண்டு. 2008-இல் இந்தியாவில் நடந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பந்துவீச்சுப் போட்டியில் முன்னுக்கு வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறி வீரர்கள். அதே ஆண்டு பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. போட்டிக்கு வரும்வரை அவர்கள் பேஸ்பால் ஆடியதில்லை.

இந்த ஆட்டம் சின்னக் கல்லூரியில் வேரூன்றாததற்குக் காரணம் ஆர்வக்குறைவு அல்ல, செலவு. கால்பந்துக்கு ஒரு பந்து போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் தனித்தனிக் கையுறை வேண்டும். இடதுகைக்காரனுக்கு வேறு. பந்து பிடிப்பவனுக்கு முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் காப்பு. அடிக்கிறவனுக்கு ஹெல்மெட். 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து வரும் பந்தை வெறுங்கையால் பிடித்துப் பழகினால் விரல் பெயரும். இடமும் பிரச்சினை. தளத்துக்குத் தளம் 90 அடி. அதற்கு வெளியே விரிந்த களம். ஒரே மைதானத்தில் கால்பந்துக் கோடும் 400 மீட்டர் ஓடுபாதையும் நடுவே கிரிக்கெட் தளமும் இருக்கும்போது பேஸ்பாலின் வைர வடிவக் களம் எங்காவது ஒரு மூலையில்தான் விழும். ஆகவே போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அணி உருவாகி, போட்டி முடிந்த மறுநாள் கலைந்துபோவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஆண்டு முழுக்க அணியை வைத்திருக்கும் பி.டி. சார் கையுறைகளைத் தானே தைத்துத் தானே எண்ணெய் போடுகிறவராக இருப்பார்.

முள்ளக்காட்டு உப்பளங்களைத் தாண்டி, பழையகாயல், முக்காணி வழியாகத் தாமிரபரணியைக் கடந்தால் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். இன்னும் தெற்கே காயல்பட்டினம். கடற்கரை முஸ்லிம்களின் பழைய வணிக நகரம். கால்பந்து என்றால் உயிர். இங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியக் கால்பந்து டோர்னமென்ட் நடத்துகிறது. கோடை மாலையில் தொழுகை நேரத்தை ஒட்டி ஆட்ட நேரம் வைக்கப்படும். வெளிமாநில அணிகள் வரும். தெருவே மைதானத்தைச் சுற்றி நிற்கும். கல்லூரிப் பயிற்சியாளர் இங்கே வருவது பார்வையாளராக. ஆனால் அவருக்கு இது பெரிய சந்தை. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பையன் எவன், எந்த இடத்தில் ஆடுகிறான், வீட்டில் படிக்க வைப்பார்களா, வளைகுடாவுக்கு அனுப்பிவிடுவார்களா என்பதெல்லாம் மைதான ஓரத்திலேயே தெரிந்துவிடும். கல்லூரி ஆண்டில் எட்டுப் பத்து ஆட்டம்தான் ஆட வைக்கும். உள்ளூர் சங்கங்களும், கரையோர ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் டோர்னமென்டுகளும்தான் பையனை ஆட்டத்தில் வைத்திருப்பவை. இதை ஒப்புக்கொள்ளாத பி.டி. சார் சங்கத்தோடு சண்டை போடுவார். ஒப்புக்கொண்டவர் சங்கத்துப் பந்தைக் கடன் வாங்குவார்.

கடற்கரையை விட்டு ஏரல், குரும்பூர்ப் பக்கம் உள்ளே திரும்பினால் ஆட்டம் மாறிவிடும். அது கபடியும் வாலிபாலும் ஆடும் நிலம். மணத்தி அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரின் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன்' 2025-இல் வெளிவந்தபோது, கிராமத்துப் பள்ளியின் பி.டி. வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று தமிழ்நாடே ஒரு முறை பேசியது. இந்தத் தொழிலுக்குத் திரையில் கிடைத்த இடம் அபூர்வம்.

ஆட்டத்தை வைத்து வேலை வாங்குவதுதான் இந்தக் கரையில் கோப்பையைவிடப் பெரிய கணக்கு. காவல்துறை, ரயில்வே, துறைமுகம், மின்வாரியம், ராணுவம் எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் அதற்கு நுழைவுச்சீட்டு. அகில இந்தியப் போட்டியில் இடம் பிடித்திருந்தால் மதிப்பு இன்னும் கூடும். ஆகவே பி.டி. சாரின் திறமையை ஊர் எடை போடுவது இப்படித்தான்: அவரிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள்? நாடறிந்த பயிற்சியாளர்களில் இந்த வகை ஆசிரியர் மரபுக்குப் பெரிய எடுத்துக்காட்டு ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து, உடற்கல்வியில் பட்டயம் பெற்று, 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும் இந்திய அணியையும் பயிற்றுவித்தார். அவர் காலத்தில் இந்தியா 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம் முடிந்து ஓராண்டுக்குள், 1963 ஜூனில், புற்றுநோயால் இறந்தார். அவருடைய ஹைதராபாத் ஆட்டக்காரர்களில் பலருக்குக் காவல்துறைதான் சோறு போட்டது என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தங்கங்களைப் பார்க்க வேண்டும்.

சாலையின் முடிவில், திருச்செந்தூருக்குச் சற்று முன் வீரபாண்டியன்பட்டினத்தில் ஆதித்தனார் கல்வி நிறுவனங்களின் வளாகம். தினத்தந்தியை 1942-இல் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் இந்தப் பக்கத்துக் காயாமொழிக்காரர்; 1965-இல் இங்கே கலைக் கல்லூரி வந்தது. அவர் மகன் பா. சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர். வாலிபால் கூட்டமைப்பையும் நடத்தியவர். அவர் பெயரில் உள்ள உடற்கல்வியியல் கல்லூரி இதே வளாகத்தில் இயங்குகிறது. 1920-இல் பக்கிடம் படிக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்த பையன் இன்று திரேஸ்புரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அதே படிப்புக்கு வந்துவிடலாம். வெளிச்சுற்று மைதானத்தில் காலையிலேயே ஓடிக்கொண்டிருப்பவர்கள் இளங்கலை உடற்கல்வி மாணவர்கள். உடற்கூறியலும் கற்பித்தல் முறையும் வகுப்பறையில். பதினைந்துக்கு மேற்பட்ட ஆட்டங்களின் விதியும் களமும் வெளியே. ஒரே ஆட்டத்தில் ஆழ்ந்து பயிற்சியாளராக வேண்டும் என்பவர் 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டுக் கல்வி நிறுவனத்தில் பட்டயம் படிக்க வேண்டும். அதையும் முடித்து வருபவருக்குக்கூடக் கல்லூரியில் கிடைப்பது எல்லா ஆட்டத்தையும் பார்க்கும் வேலைதான்.

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வு, அல்லது முனைவர் பட்டம் வேண்டும். தானே போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். இதற்கு மேல் பல்கலைக்கழக மானியக் குழு ஓர் ஓட்டமும் வைத்திருக்கிறது. ஆண்கள் 12 நிமிடத்தில் 30 வயதுவரை 1,800 மீட்டரும், 40 வயதுவரை 1,500, 45 வரை 1,200, 50 வரை 800 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். பெண்களுக்கு 8 நிமிடம். அதே வயது வரிசையில் 1,000, 800, 600, 400 மீட்டர். அளவு ஒன்றும் கடுமையானதில்லை. பள்ளிப் பையன் கடந்துவிடுவான். ஆனால் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கோ தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கோ மருத்துவச் சான்றோடு வந்து ஓடிக் காட்ட வேண்டியதில்லை. அந்த விதத்தில் இது தனி வேலைதான்.

அரசு உதவிபெறும் பணியிடம் கிடைத்தவருக்கு மற்ற ஆசிரியர்களின் சம்பள விகிதமே உண்டு. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தவரின் நிலை வேறு. அங்கே அவர் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராகப் போவார், பேருந்துப் பொறுப்பு பார்ப்பார், ஒழுங்குக் குழுவில் வாசலில் நிற்பார். மீதி நேரத்தில் கால்பந்து. அப்படியும் அணியை மண்டலப் போட்டிவரை கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள் என்றால் அது அவர்களுடைய பிடிவாதம். நிர்வாகத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2021-இல் 60 ஆனது. அந்த வயதில் பி.டி. சார் போகும்போது செய்ய வேண்டிய கடைசி வேலை இருப்புப் பதிவேட்டை ஒப்படைப்பது. ஈட்டி, வட்டு, குண்டு, வலை, கம்பம், ஸ்டாப்வாட்ச், கால்பந்து, வாலிபால், இருந்தால் பேஸ்பால் கையுறை, எல்லாம் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப் போக வேண்டும். கிழிந்த பந்தைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாது; பயனற்றது என்று குழு பார்த்துக் கையெழுத்திட்டுக் கழிக்கும்வரை சாக்கில் கட்டி வைத்திருக்க வேண்டும். கணக்கு ஒத்துவந்தால்தான் நிலுவையின்மைச் சான்று. அந்தச் சான்று இல்லாமல் ஓய்வூதியக் கோப்பு நகராது. காலியான இடத்தில் அடுத்தவரை நியமிக்க அரசின் அனுமதி வரவேண்டும். அது வரும்வரை உடற்பயிற்சியில் ஆர்வமுள்ள வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் அறைச் சாவியும் விசிலும் கூடுதல் பொறுப்பாகப் போய்ச் சேரும்.